பேயின் மனு: '2.0' படத்தை முன்வைத்து

ஜேம்ஸ் கேமரூனின் 'தி டெர்மினேட்டர்' (1984) அறிவியல் புனைவாக அறியப்பட்ட சண்டைப்படம். ஆனால் அதன் கதைச் சட்டகம் தொடர்கொலைத் திகில் படத்துடையது. தொலைபேசிப் புத்தகத்தைப் பார்த்து, சாரா கானர் என்ற பெயருள்ள பெண்களை எந்திரம் ஒவ்வொருவராகத் தேடிக் கொல்கிறது. கடைசியாக எஞ்சும் சாரா அதை நசுக்கி முடிக்கிறாள்.

ஷங்கரின் '2.0' (2018) படத்தைப் புதுச்சேரித் திரையரங்கு ஒன்றில் பார்த்தபோது எனக்கு அந்த வரிசை ஞாபகம் வந்தது. செல்பேசி மொத்த வியாபாரி, தொலைத்தொடர்பு முதலாளி, அமைச்சர் என மூன்று பேரைச் செல்பேசிகளே கொல்கின்றன. ஆனால் இங்கே கொலையாளிக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பறவைகளுக்காகப் போராடி, யாரும் காதுகொடுக்காததால் செல்பேசிக் கோபுரத்தில் தூக்கு மாட்டிக்கொண்ட பட்சிராஜன் அவன். நம்ம ஊர்ப் பேய்க்கதைதான்: உசிரோட இருக்கும்போது கிடைக்காத நியாயத்தைச் செத்தவன் கேட்கிறான். படமோ அவனை எதிர்மறை ஆற்றல் என்கிறது. பெயர் மாறியதும் மனுதாரன் காணாமல் போகிறான். அடக்கவேண்டிய தொழில்நுட்பச் சிக்கல் மட்டும் மிஞ்சுகிறது.

அடக்கும் விதம்தான் உண்மையான பயங்கரம். புறாக்கள்மேல் ஏறிவரும் குட்டி எந்திரங்கள், அந்தப் புறாக்களையே கொன்றுவிடுவதாக மிரட்டிப் பறவைக்காரனைப் பணியவைக்கின்றன. அவன் ஒழிந்த பிறகு, அவன் சொன்னதில் நியாயம் உண்டு என்று விஞ்ஞானி அமைச்சரிடம் சொல்கிறார். டெர்மினேட்டரில் பிழைப்பது பெண்; இங்கே பிழைப்பது அரசு. திகில் பேசவிட்டவனின் வாயைச் சண்டை அடைக்கிறது. கோரிக்கையை ஏத்துக்கிட்டு, கேட்டவனை மட்டும் இல்லாமல் ஆக்குவது நமக்குப் புதுசா என்ன?