புரதமும் அதன் வடிவும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்துள்ளது கீழ்பென்னாத்தூர். அதனைச் சூழ்ந்த சிற்றூர்களில் நெல்லும் நிலக்கடலையும் விளைகின்றன. இவ்வட்டார மக்கள் நிலக்கடலையை மல்லாட்டை என வழங்குவர். மல்லாட்டைப் பருப்பைச் செக்கிலிட்டு ஆட்டினால் எண்ணெய் வேறாகவும் பிண்ணாக்கு வேறாகவும் பிரியும். எண்ணெய் அடுக்களைக்குச் செல்லும். பிண்ணாக்கு மாட்டுத் தொழுவத்தை அடையும். எண்ணெயை அருமையாகப் போற்றும் நாம், பிண்ணாக்கை எளிய பொருளாகவே கருதுகிறோம். ஆயினும், உடலை வளர்க்கும் திறத்தைக் கொண்டு நோக்குவோமாயின் பிண்ணாக்கின் பெருமை விளங்கும். நிலக்கடலைப் பருப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பங்கு புரதம் உள்ளது. எண்ணெய் நீங்கிய பிண்ணாக்கிலோ அது ஏறத்தாழப் பாதியளவை எட்டுகிறது. அதனை உண்ட பசு, அப்புரதத்தைத் தன் உடலுக்குள் சிதைத்து, வேறு புரதமாகப் புதுக்கிப் பாலில் வைத்து நமக்கு அளிக்கிறது.

ஒரு புரதம் சிதைந்து மற்றொரு புரதமாக மாறுவது எங்ஙனம்? புரதம் என்பதுதான் யாது? அதன் அளவையும் அமைப்பையும் அறிஞர்கள் எவ்வாறு கண்டறிந்தனர்? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

புரதத்தின் தொழில்கள்

1838ஆம் ஆண்டில் டச்சு நாட்டு வேதியியல் அறிஞர் முல்டர் என்பார், இப்பொருளைக் குறிக்க ‘புரோட்டீன்’ என்னும் சொல்லை வழங்கினார். ‘முதன்மையானது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அச்சொல். அப்பெயர் மிகவும் பொருத்தமானதே. நம் தசை புரதத்தால் ஆனது. மயிரும் நகமும் புரதமே. உண்ட உணவைச் செரிக்கச் செய்யும் நொதிகள் புரதங்கள். நோய்க் கிருமிகளை எதிர்த்து நிற்கும் காப்புப் பொருள்களும் புரதங்களே. குருதியில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினும், சர்க்கரையின் அளவை நெறிப்படுத்தும் இன்சுலினும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே.

கட்டுவதும், செரிப்பதும், காப்பதும், சுமப்பதுமாகிய இத்தனை வேறுபட்ட தொழில்களை ஒரே இனப் பொருள் எவ்வாறு செய்கிறது? அதன் விடை புரதத்தின் அமைப்பில் உள்ளது.

சங்கிலியும் மடிப்பும்

அமினோ அமிலங்கள் என்னும் சிறு பொருள்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு நீண்ட சங்கிலியாகும்போது புரதம் உண்டாகிறது. இவ்வமிலங்களுள் 20 வகைகளே புரதங்களில் பெரும்பாலும் காணப்படுகின்றன. ஆயினும், பத்தே மணிகள் உள்ள சிறு சங்கிலியை இவ்விருபது வகைகளைக் கொண்டு 10 இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட முறைகளில் கோக்கலாம். புரதங்களிலோ நூற்றுக்கணக்கான மணிகள் உள்ளன. ஆதலின் அவற்றின் வகைகளுக்கு எல்லையில்லை. உணவிலுள்ள புரதம் வயிற்றிலும் குடலிலும் தனித்தனி மணிகளாகப் பிரிகிறது. பின்னர் அம்மணிகளை உடல் தனக்கு வேண்டிய வரிசையில் மீண்டும் கோத்துக்கொள்கிறது.

கோத்த சங்கிலி நீண்ட நூல்போலக் கிடப்பதில்லை. அது சுருண்டும் மடிந்தும் தனக்கே உரிய ஒரு வடிவைப் பெறுகிறது. அவ்வடிவமே அதன் தொழிலுக்கு அடிப்படை. பூட்டின் துளைக்கு ஏற்ற சாவியே பூட்டைத் திறப்பதுபோல, உரிய வடிவுடைய நொதியே உரிய பொருளின்மீது வினைபுரியும். வடிவு கெட்டால் தொழிலும் கெடும். முட்டையின் வெள்ளைக் கருவை வேக வைத்தால் அது கட்டியாகிறது. அங்கே சங்கிலியின் வரிசை மாறவில்லை. வெப்பத்தால் மடிப்பு மட்டும் குலைந்து, சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அவித்த முட்டையைக் குளிர வைத்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

வரிசையில் நேரும் சிறு பிழையும் பெருந்துன்பம் விளைப்பதுண்டு. தமிழில் ‘மரம்’ என்னும் சொல்லின் ஓர் எழுத்தை மாற்றினால் ‘மறம்’ என்றாகி, பொருள் முற்றிலும் வேறுபடுகிறதன்றோ? ஹீமோகுளோபினில் நான்கு சங்கிலிகளும் 574 மணிகளும் உள்ளன. அவற்றுள் பீட்டா என்னும் இரு சங்கிலிகளிலும் ஆறாம் இடத்திலுள்ள அமிலம் மாறிவிட்டால், குருதியின் செவ்வணுக்கள் வட்ட வடிவை இழந்து அரிவாள்போல் வளைகின்றன. அவை நுண்ணிய குருதிக் குழாய்களை அடைத்துக் கொடிய வலியையும் குருதிச் சோகையையும் உண்டாக்குகின்றன. இக்குறைக்குரிய கூறு நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இருப்பது 1952ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. மணி ஒன்றின் மாற்றமே இதற்குக் காரணம் என்பதைச் சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் இங்கிராம் என்னும் அறிஞர் மெய்ப்பித்தார்.

புரதத்தைக் காணுதலும் அளத்தலும்

ஒரு பொருளில் புரதம் உண்டா என்பதை அறியப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே ஓர் எளிய சோதனை உண்டு. சோதனைக் குழாயில் சிறிது பாலை ஊற்றி, அதனோடு சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலைச் சேர்த்து, மயில்துத்தக் கரைசலில் சில துளிகள் விட்டால் ஊதா நிறம் தோன்றும். மணிகளை இணைக்கும் பிணைப்புகளோடு செம்பு சேர்வதனால் இந்நிறம் உண்டாகிறது. சோடியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் அரிக்குமாதலின், ஆசிரியர் உடனிருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.

புரதத்தின் அளவை அறிய வேறு முறை வேண்டும். 1883ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டில் மதுவடிசாலை ஒன்றைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கெல்டால் என்பார் அதனை வகுத்தார். மாவுப் பொருளிலும் கொழுப்பிலும் இல்லாத நைட்ரஜன் புரதத்தில் உண்டு. நிலக்கடலைப் பருப்பை அரைத்துச் செறிந்த கந்தக அமிலத்தில் இட்டுக் காய்ச்சினால், அதிலுள்ள நைட்ரஜன் அம்மோனியா உப்பாக மாறும். காரம் சேர்த்து அம்மோனியாவை வெளியேற்றி, மற்றோர் அமிலத்தில் ஏற்று அளந்தால் நைட்ரஜனின் அளவு விளங்கும். பொதுவாக 100 பங்கு புரதத்தில் 16 பங்கு நைட்ரஜன் இருப்பதால், கண்ட அளவை 6.25ஆல் பெருக்குவது வழக்கம். நிலக்கடலைப் புரதத்தில் நைட்ரஜன் சற்று மிகுதியாதலின் அதனை 5.46ஆல் பெருக்குவர். ஒரு கிராம் பருப்பில் 0.046 கிராம் நைட்ரஜன் இருப்பின், புரதம் ஏறத்தாழ 0.25 கிராம் என்பது பெறப்படும்.

இம்முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகிறது. ஆயினும், இது நைட்ரஜனை எண்ணுகிறதேயன்றிப் புரதத்தைப் பார்ப்பதில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். இக்குறையைப் பேராசையுடையோர் சிலர் தீய வழியில் பயன்படுத்திக்கொண்டனர். 2008ஆம் ஆண்டில் சீன நாட்டில், நீர் கலந்த பாலில் மெலமின் என்னும் பொருளைக் கலந்தது வெளிப்பட்டது. மெலமினின் எடையில் மூன்றில் இரு பங்கு நைட்ரஜன். ஆதலால் சோதனையில் அப்பால் புரதம் நிறைந்ததாகத் தோன்றியது. அதனால் செய்த பால்மாவை உண்ட குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நோயுற்றனர்; பலர்க்குச் சிறுநீரகத்தில் கல் தோன்றியது; ஆறு குழந்தைகள் உயிரிழந்தன. ஒரு சோதனை எதனை அளக்கிறது, எதனை அளக்கவில்லை என்று அறிந்திருப்பது அறிவியலார்க்கு மட்டுமன்றி, மக்களின் உயிர்க்கும் காவலாகும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

வரிசையை அறிந்த வரலாறு

அளவை அறிந்தபின் வரிசையை அறிய அறிஞர்கள் முயன்றனர். இங்கிலாந்தில் சாங்கர் என்பார் இன்சுலினை ஆராய்ந்தார். சங்கிலியின் முனையிலுள்ள மணிக்கு மஞ்சள் நிறமூட்டி, சங்கிலியைத் துண்டுகளாக்கி, அத்துண்டுகளை ஊறுதாளின்மீது பரவவிட்டுப் பிரித்து, ஒவ்வொன்றின் முதல் மணி இன்னதென்று கண்டார். துண்டுகளின் பொதுப் பகுதிகளை ஒப்பிட்டு, கிழிந்த ஓலையை ஒட்டிப் படிப்பாரைப்போல முழு வரிசையையும் 1955ஆம் ஆண்டிற்குள் படித்து முடித்தார். இன்சுலினில் இரு சங்கிலிகளில் 51 மணிகள் உள்ளன என்பதும், அவற்றின் ஒழுங்கும் தெளிவாயின. இதன்பொருட்டு 1958ஆம் ஆண்டில் அவர் நோபெல் பரிசு பெற்றார்.

சென்னையில் விளைந்த பேரறிவு

இனி எஞ்சியது வடிவம். கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் எட்டாத அதனை அறிய எக்ஸ் கதிர்கள் துணைபுரிந்தன. ஒழுங்காக அடுக்கப்பட்ட அணுக்களின் ஊடே இக்கதிர்களைச் செலுத்தினால், அவை சிதறிப் படத்தாளில் புள்ளிகளைப் பதிக்கின்றன. அப்புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் கணித்து அணுக்களின் அமைப்பை உய்த்துணரலாம்.

இத்துறையில் உலகப் புகழ் பெற்ற ஆராய்ச்சி நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. 1922ஆம் ஆண்டில் எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன், 1952ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவரானார். அவர் கொலாஜன் என்னும் புரதத்தை ஆராய முற்பட்டார். தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது கொலாஜன். வட ஆர்க்காட்டுப் பகுதியில் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் நடைபெறும் தோல் பதனிடும் தொழிலுக்கு அடிப்படையும் அதுவே. நம் முன்னோர் ஆவாரம் பட்டையை இட்டுத் தோலைப் பதனிட்டபோது, பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் கொலாஜனோடு பிணைந்தே தோலை அழுகாமற் காத்தது.

சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியால் கங்காருவின் வால் தசைநாண் இராமச்சந்திரனுக்குக் கிடைத்தது. அதன் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்து, அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954ஆம் ஆண்டில் ஓர் அமைப்பை வெளியிட்டனர்; அடுத்த ஆண்டே அதனைத் திருத்திச் செம்மையாக்கினர். மூன்று சங்கிலிகள், முப்புரியாக முறுக்கிய வடம்போல ஒன்றையொன்று தழுவி நிற்பதே கொலாஜன் என்பது அவர்தம் முடிபு. வடத்தின் நடுவே இடம் மிகக் குறுகியது. ஆதலின் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமிலமாகவே இருத்தல் வேண்டும். கொலாஜனின் மணிகளுள் மூன்றில் ஒரு பங்கு கிளைசினாக இருப்பதன் காரணம் இதனால் விளங்கியது.

மேலை நாட்டு அறிஞர் சிலர், ‘இவ்வமைப்பில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன’ என்று மறுப்புரைத்தனர். இராமச்சந்திரன் சினந்தாரல்லர், சோர்ந்தாரும் அல்லர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்னும் வினாவையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். அதுவரை அறியப்பட்ட சிறு படிகங்களிலெல்லாம் அணுக்களிடையே உள்ள தொலைவுகளைத் தொகுத்தார். பின்னர் சங்கிலியின் ஒவ்வொரு மணியிலும் இரண்டு இடங்களில் மட்டுமே திருப்பம் நிகழலாம் என்பதைக் கொண்டு, எவ்வெக் கோணங்களில் அணுக்கள் மோதிக்கொள்ளும், எவ்வெக் கோணங்களில் மோதாமல் அமையும் என்று, மேசைமீது வைத்து இயக்கும் கணக்குப் பொறியின் துணையோடு கணித்தார். அவரும் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரும் 1963ஆம் ஆண்டில் இம்முடிவுகளை ஒரு கட்டப்படமாக வெளியிட்டனர். அப்படத்தில் புரதத்திற்கு இசைந்த இடம் சிறு பகுதியே. பெரும்பகுதி இயற்கையால் விலக்கப்பட்டது.

இன்று ‘இராமச்சந்திரன் படம்’ என்று உலகம் அதனை அழைக்கிறது. ஆய்வாளர் எவரேனும் ஒரு புரதத்தின் வடிவைக் கண்டதாக உரைத்தால், அவ்வடிவின் கோணங்கள் இப்படத்தின் இசைந்த பகுதியுள் அமைகின்றனவா என்று பார்ப்பது வழக்கம். இக்காலத்தில் வரிசையைக் கொண்டே வடிவைக் கணித்துரைக்கும் கணினி முறைகள் தோன்றியுள்ளன. அவற்றை உருவாக்கியோர்க்கும் புதிய புரதங்களை வடிவமைத்தவர்க்கும் 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அத்தகைய கணினி கூறும் வடிவையும் சரிபார்க்க, சென்னையில் வரைந்த அப்படமே பயன்படுகிறது.

நம் உணவும் புரதமும்

இவ்வறிவு நம் உண்கலத்திற்கும் உரியது. 20 வகை அமிலங்களுள் 9 வகைகளை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. அவற்றை உணவிலிருந்தே பெறுதல் வேண்டும். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைந்துள்ள மெத்தியோனின் அரிசியில் போதிய அளவு உண்டு. அரிசியோடு பயற்றம் பருப்பைச் சேர்த்துப் பொங்கலிடுவதும், உளுந்தைச் சேர்த்து இட்டலி அவிப்பதும் நம் முன்னோர் பட்டறிவால் கண்ட பொருத்தங்கள். பள்ளிச் சத்துணவில் சோற்றோடு பருப்பும் முட்டையும் இடம்பெறுவதன் காரணமும் இதுவே. வெறுஞ்சோறு வயிற்றை நிரப்பலாம். வளரும் பிள்ளையின் தசையையும் எலும்பையும் அது மட்டும் கட்டமாட்டாது.

கைப்பிடி மல்லாட்டையில் அடங்கிய பொருளின் அளவை அறிய ஒருவரும், வரிசையை அறிய ஒருவரும், வடிவை அறிய ஒருவருமாக அறிஞர் பலர் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். அவர்களுள், தம்மை மறுத்துரைத்த சொல்லையே புதிய ஆராய்ச்சிக்கு வித்தாக்கிக்கொண்டவர் இராமச்சந்திரன். மறுப்பைக் கண்டு அஞ்சாமல், அதனை அளந்து பார்க்கத் துணிவதே அறிவியல் மனப்பான்மை. மாணவர்கள் பாடத்தோடு அப்பண்பையும் தமதாக்கிக்கொள்ளல் வேண்டும்.