கேபிளுக்குள்ள என்ன இருக்கு?

இன்னைக்கு பேசப்போறது நம்ம பையில சுருண்டு கிடக்கிற யூஎஸ்பி-சி கேபிளைப் பத்தி.

ரெண்டு கேபிளை எடுத்துப் பக்கத்துல வையுங்க. முனை அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணுல லேப்டாப் வேகமா சார்ஜ் ஏறும், இன்னொண்ணு ஆமை வேகம். வித்தியாசம் உள்ளே இருக்கு. வெட்டாம அதைப் பார்க்க ஒரே வழி எக்ஸ்ரே.

எக்ஸ்ரே பிளாஸ்டிக்கைச் சுலபமா ஊடுருவிடும், உலோகம் அதைத் தடுக்கும். ஆஸ்பத்திரி படத்துல எலும்பு தெரியுற மாதிரி, இங்கே செம்புக் கம்பியும் சால்டரிங்கும் தெரியும்.

2023ல அமெரிக்காவின் லூமாஃபீல்ட் நிறுவனம் 129 டாலர் ஆப்பிள் தண்டர்போல்ட் 4 கேபிளையும், சில மலிவு கேபிள்களையும் சிடி ஸ்கேன் செய்தது. ஆப்பிள் கேபிளின் முனையில் 24 பின்கள், கூடவே ஒரு குட்டி சர்க்யூட் போர்டு. மலிவானதில் பல பின்களே இல்லை.

அதுக்காக அது ஏமாத்து வேலைன்னு சொல்லிட முடியாது. யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு நாலு கம்பி போதும். நொடிக்கு 480 மெகாபிட். தண்டர்போல்ட் 4ன்னா 40 கிகாபிட். 3 ஆம்பியருக்கு மேல மின்சாரம் போகணும்னா கேபிளுக்குள்ளேயே ஒரு சிப் வேணும். போன் சார்ஜ் பண்ண மட்டும்தான்னா எதுக்கு அவ்வளவு காசு?

இப்போ பயமுறுத்துற பகுதிக்கு வருவோம். மைக் குரோவர்னு ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் உருவாக்கினது ஓ.எம்.ஜி கேபிள். பார்க்க சாதாரண கேபிள். ஆனா கம்ப்யூட்டர்ல சொருகினா, கீபோர்டு மாதிரி நடிச்சு தானே டைப் பண்ணும். வைஃபை மூலமா தூரத்துல இருந்தே இயக்கலாம்.

2024ல இதையும் லூமாஃபீல்ட் ஸ்கேன் செய்தது. சாதாரண எக்ஸ்ரேயில் ஆன்டெனாவும் ஒரு சிப்பும் தெரிந்தன. எக்ஸ்ரே படம் ஒரு நிழல்தானே? மேலே கீழே இருக்கிறதெல்லாம் ஒண்ணா விழும். சிடி ஸ்கேன் பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாணமா கோர்க்கும். அதை அடுக்கடுக்கா ஆராய்ந்தப்போதான், அந்த சிப்புக்கு அடியில் இன்னொரு சிப் ஒளிஞ்சிருந்தது தெரிந்தது.

ஸ்கேன்ல சிப் தெரியும். அதுல எழுதியிருக்கிற புரோகிராம் தெரியாது.

நம்ம யார்கிட்டயும் சிடி ஸ்கேனர் கிடையாது. அதனால கஃபேயிலயோ ஏர்போர்ட்லயோ கேட்பாரற்றுக் கிடக்கிற கேபிளைத் தொடாதீங்க. சொந்தக் கேபிள் ஒண்ணு எப்பவும் பையில இருக்கட்டும்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.