பறையும் மின்கிட்டாரும்

ராக் இசை என்றவுடனே நம்மிற் சிலர் முகம் சுளிப்பர். சிலர் காலால் தாளமிடத் தொடங்குவர். முன்னவருக்கு அது வெறுங் கூச்சல். பின்னவரோ அதனை நாள்தோறும் கேட்பாரேயன்றி, அது பிறந்த கதையைக் கேட்டிரார். அந்த இசை யாது? எங்கே, எவரிடத்தே தோன்றியது? தமிழரை அது எவ்வாறு தொட்டது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஓர் இசையை உயர்ந்ததென்றும் தாழ்ந்ததென்றும் நாம் எதைக் கொண்டு அளக்கிறோம் என்னும் கேள்வியும் இந்த ஆராய்ச்சியில் தானே எழும்.

பிறப்பு

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தித் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அவற்றில் உழைப்பதற்காக ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1865ஆம் ஆண்டில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. வறுமையும் இழிவும் ஒழிந்தபாடில்லை. நம் நாட்டில் ஏற்றம் இறைப்போர் பாடுவதில்லையா? நாற்று நடும் பெண்கள் பாடுவதில்லையா? அவ்வாறே அம்மக்களும் வேலைக்களத்திற் பாடினர். ஒருவர் முதலடி எடுக்க, மற்றவர் ஏற்றுப் பாடினர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதாகோயிலிலும் அதே முறையிற் பாடினர். இவை கலந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'புளூஸ்' என்னும் பாடல் வகை உருவாயிற்று. புளூ என்பது நீலம். ஆங்கிலேயர் வழக்கில் அது துயரத்தின் நிறம். ஓரடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு மறுமொழி சொல்லி முடிப்பது புளூஸ் பாடலின் பொது அமைப்பு. மூன்று சுரக்கட்டுகள் தெரிந்த எவனும் அதற்கு கிட்டார் வாசிக்கலாம். பள்ளிக்கூடமும் ஆசிரியரும் வாய்க்காத மக்களுக்கு ஏற்ற இசை அது.

இருபதாம் நூற்றாண்டில் இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் பிழைப்புத் தேடி வடக்கே இருந்த தொழில் நகரங்களுக்குச் சென்றனர். அவ்வாறு 1943இல் மிசிசிப்பி மாநிலத்திலிருந்து சிகாகோவுக்குச் சென்றவர்களுள் ஒருவர் மடி வாட்டர்ஸ் என்னும் பாடகர். வயல்வெளியில் கேட்ட மரக்கிட்டாரின் ஒலி நகரத்து மதுக்கடையின் இரைச்சலில் எடுபடவில்லை. ஆகவே அவர் மின்கிட்டாரைக் கையில் எடுத்தார்.

கருவியும் தாளமும்

மின்கிட்டார் எவ்வாறு ஒலிக்கிறது? அதன் எஃகுக் கம்பிகளின் கீழே காந்தங்கள் உள்ளன. அவற்றைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பிச் சுருள் உள்ளது. கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அம்மின்னோட்டம் பெருக்கியிற் சென்று பலமடங்காகி ஒலிபெருக்கியின் வழியே வெளிப்படுகிறது. பெருக்கியை அதன் வலிமைக்கு மேல் முடுக்கினால் ஒலி கரகரத்துப் பிளிறும். கருவி செய்தவர்கள் அதனைக் குறை என்று எண்ணினர். வாசித்தவர்களோ அக்கரகரப்பிலே தம் நெஞ்சின் குரலைக் கண்டனர். ராக் இசைக்கு அதுவே அடையாளமாயிற்று.

தாளத்திலும் ஒரு புதுமை உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே, இரண்டிலும் நான்கிலும் மட்டும் கை தட்டிப் பாருங்கள். அதுவே ராக் இசையின் அடி. நம் ஆதி தாளத்தில் முதல் தட்டே தலைமை பெறும். இங்கோ தலைமை இடம் மாறி நிற்கிறது. கேட்பவரின் உடம்பு தன்னையறியாமல் ஆடுவதற்கு இம்மாற்றம் ஒரு பெருங்காரணம்.

1951 முதல் கிளீவ்லாந்து நகரத்து வானொலியில் ஆலன் ஃபிரீட் என்பவர் இவ்வகைப் பாடல்களை ஒலிபரப்பி, 'ராக் அண்ட் ரோல்' என்னும் பெயரைப் பரப்பினார். 1954 ஜூலை 5ஆம் நாள் மெம்பிஸ் நகரில் எல்விஸ் பிரெஸ்லி என்னும் பத்தொன்பது வயது வெள்ளை இளைஞர் ஒரு பாடலைப் பதிவு செய்தார். அப்பாடலைப் புனைந்தவர் ஆர்தர் கிருடப் என்னும் கறுப்பினக் கலைஞர். பிரெஸ்லி உலகப் புகழ் பெற்றார், பெருஞ்செல்வம் பெற்றார். கிருடப்போ தமக்கு உரிய பாட்டுரிமைத் தொகையின் பெரும்பகுதியைக் காணாமலே 1974இல் மறைந்தார். உழுதவன் ஒருவன், களஞ்சியம் நிரப்பியவன் வேறொருவன்! பிரெஸ்லியின் திறமையை இது குறைக்காது. அவர் உண்மையிலேயே பெரும் பாடகர். ஆயினும் ராக் இசையின் புகழைப் பேசுவோர் இக்கணக்கையும் சேர்த்துப் பேசவேண்டும்.

ஏச்சும் எழுச்சியும்

புதிய இசைக்கு வரவேற்பு இருந்தது போலவே வசையும் இருந்தது. ஒழுக்கம் கெடும் என்றனர் பெரியோர். 1957 சனவரியில் பிரெஸ்லி தொலைக்காட்சியிற் பாடியபோது, அவருடைய இடுப்பசைவு தெரியாதபடி இடுப்புக்கு மேல் மட்டுமே காட்டினர்! வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மண்டபத்தில் ஒரே பாட்டுக்கு ஆடுவது பலருக்குப் பொறுக்கவில்லை. இசை வேலியைத் தாண்டுகிறது என்பதே அவர்களுடைய அச்சத்தின் வேர்.

அமெரிக்க இசைத்தட்டுகள் கடல் கடந்து இங்கிலாந்துக்குச் சென்றன. பண்டு நம் புகார்த் துறைமுகத்தில் பல நாட்டுப் பண்டங்கள் வந்து குவிந்தன என்று படிக்கிறோம்; அதுபோல லிவர்பூல் துறைமுகத்துக்கு இசைத்தட்டுகளும் வந்தன. அந்நகரில் எழுந்த பீட்டில்ஸ் குழுவினர் 1964 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியிற் பாடியபோது ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சம் பேர் பார்த்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் பாட அழைக்கப்பட்டபோது, கறுப்பரைத் தனியே பிரித்து அமர்த்தினால் பாடமாட்டோம் என்று அறிவித்தனர். பிரிக்காமலே நிகழ்ச்சி நடந்தது.

பிற நாடுகளிலும் ராக் இசை அரசர்க்கும் ஆட்சிக்கும் தலைவலியாயிற்று. செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு ராக் குழுவினரை 1976இல் அரசு சிறையிலிட்டது. அதனைக் கண்டித்து எழுத்தாளரும் அறிஞரும் ஒன்றுகூடினர்; 1977இன் தொடக்கத்தில் மனித உரிமை கோரும் 'சாசனம் 77' பிறந்தது. அவ்வியக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான வாஸ்லாவ் ஹாவெல், 1989இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். பாட்டு ஆட்சியைக் கவிழ்த்தது என்று சொல்லமாட்டேன். அஞ்சிக் கிடந்த மக்கள் ஒன்றுகூட அது ஒரு காரணமாயிற்று என்று மட்டும் சொல்வேன்.

தமிழரும் ராக் இசையும்

பீட்டில்ஸ் குழுவின் தொடக்க கால முரசு வாசிப்பாளர் பீட் பெஸ்ட் என்பவர் 1941இல் நம் சென்னையிற் பிறந்தவர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். அக்குழு உலகப் புகழ் எய்துவதற்குச் சற்று முன்னர், 1962 ஆகஸ்டில், அவர் நீக்கப்பட்டார். இது பிறப்பால் அமைந்த தொடர்பு மட்டுமே. கலையால் அமைந்த தொடர்புகளும் உண்டு. கடம் வித்துவான் விக்கு விநாயகராம் 1970களில் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினுடன் 'சக்தி' குழுவில் வாசித்து உலகைச் சுற்றினார். பின்னர், 'கிரேட்ஃபுல் டெட்' என்னும் அமெரிக்க ராக் குழுவின் முரசுக் கலைஞர் மிக்கி ஹார்ட் 1991இல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' என்னும் தொகுப்பிலும் வாசித்தார். அத்தொகுப்பு கிராமி விருது பெற்றது. மட்பானையின் ஓசை மின்கருவிகளின் நடுவே மங்கவில்லை! மலேசியாவின் பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ்ச் சகோதரர்கள் 'ஆலிகேட்ஸ்' குழுவை அமைத்து, மலாய் மொழியிற் பாடி அந்நாட்டு மக்கள் அனைவரின் உள்ளத்தையும் கவர்ந்தனர்.

தாயகத்திலோ மேலைக் கருவிகள் பெரும்பாலும் திரைப்படத்தின் வாயிலாகவே நுழைந்தன. விசுவநாதன் - ராமமூர்த்தி இரட்டையர் 'காதலிக்க நேரமில்லை' (1964) போன்ற படங்களில் மேனாட்டுத் துள்ளலைத் தமிழ்ச் சொற்களோடு பொருந்த வைத்தனர். பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்று, 1976இல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் அறிமுகமானார். நாட்டுப்புற மெட்டும் கிட்டாரும் ஒரே பாட்டில் பகையின்றி வாழும் என்று அவர் காட்டினார். ஏ.ஆர். ரகுமான் 1992இல் 'ரோஜா'வுக்கு இசையமைப்பதற்கு முன்னர், சென்னையில் 'நெமசிஸ் அவென்யூ' என்னும் ராக் குழுவை அமைத்தவர்.

இவையெல்லாம் பெருமைக்குரியனவே. எனினும் ஒன்று குறைந்தது. திரைப்பாட்டு கதைமாந்தனுக்காக எழுதப்படுவது. தன் தெருவின் துயரைத் தன் வாயால், தன் பெயரில் பாடுவதே புளூஸின் உயிர். அந்த உயிர் தமிழ் மேடைக்கு வந்ததா?

தெருவிலிருந்து மேடைக்கு

வடசென்னையில் கானா என்றொரு பாடல் வகை உண்டு. துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்த மக்கள் குடியிருந்த பகுதி அது. சாவு வீட்டில் இரவெல்லாம் விழித்திருந்து, இறந்தவரின் பெருமையையும் வாழ்வின் நிலையாமையையும் பாடுவர். துயரத்தைப் பாடியே தாங்கும் அவ்வழக்கத்தை எண்ணும்போது, மிசிசிப்பி ஆற்றங்கரைக்கும் கூவம் ஆற்றங்கரைக்கும் இடையே உள்ள தொலைவு எனக்குக் குறைந்து தோன்றுகிறது. கடல் கடந்து ஒருவரையொருவர் பார்த்து எழுதியதன்று இது. ஒத்த வாழ்வு ஒத்த பாட்டைத் தந்தது.

2017இல் திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் கானாப் பாடகர்களையும், பறைக் கலைஞர்களையும், ராக், ராப் கலைஞர்களையும் ஒன்று சேர்த்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவை அமைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயோத்திதாசப் பண்டிதர், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிமதிப்புக் கணக்கில் தம்மைச் 'சாதியற்ற தமிழர்' என்று பதிந்துகொள்ள வேண்டும் என்றார். அச்சொல்லே இக்குழுவின் பெயராயிற்று. 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 19 கலைஞர்கள் மேடையேறினர். மின்கிட்டார் ஒருபுறம், பறை ஒருபுறம். நடுவே, சாவு வீட்டிற் பாடிய குரல்கள். கானா ஆண்களுக்கே உரியது என்றிருந்த வழக்கையும் அக்குழுவின் பாடகி இசைவாணி உடைத்தார், 2020இல் பி.பி.சி. வெளியிட்ட உலகப் பெண்கள் நூற்றுவர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில், சபாக்களின் இசைவிழாக் காலத்திலேயே, 'மார்கழியில் மக்களிசை' என்னும் விழாவும் சென்னையில் தொடங்கிற்று.

இது தமிழ் மரபுக்குப் புறம்பானதா? இல்லை என்பேன். 1940களில் தமிழிசை இயக்கத்தார் எழுப்பிய கேள்வியை நினைவுகூருங்கள். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டு 'துக்கடா'வாக நிற்பதா என்று கேட்டு, 1943இல் தமிழ் இசைச் சங்கம் கண்டனர். அன்று மேடைக்குத் தமிழ் மொழி வந்தது. இன்று அம்மேடைக்குத் தமிழ் மக்கள் அனைவரும் வரவேண்டும் என்று கேட்கிறோம். ஒரே வழக்கின் இரண்டாம் பகுதி இது.

நாம் செய்யத்தக்கது

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கைகோக்கும் இந்தக் குப்பம் பகுதியில் வாழும் நமக்கு இது ஏட்டுச் செய்தியன்று. நான் குடியிருக்கும் சாந்திபுரத்துப் பக்கத்தில் கங்கையம்மன் ஜாத்திரை வந்தால் பறை முழங்கும். தெலுங்கர் அதனை டப்பு என்பர். அம்முழக்கமின்றிக் கரகம் அசையாது. ஆனால் முழக்கியவர் யார், அவர் பெயர் என்ன என்று கேட்டால் கூட்டத்தில் விடை சொல்பவர் அரியர். கூலி கொடுத்தனுப்புவர், மேடைக்கு அழையார். சாவுக்கும் சாமிக்கும் வேண்டியது, சபைக்கு மட்டும் வேண்டாததாயிற்று!

முத்தமிழ் விழாவில் கிட்டார் ஏறலாமா என்று நம் மன்றத்தில் வாதிக்கிறோம். ஏறட்டும் என்பது என் கருத்து. தமிழ், ஒரு கருவியால் கெடும் அளவுக்கு மெலிந்த மொழியன்று. பிடிலும் ஆர்மோனியமும் வந்தன, நம்மவையாயின. ஆனால் கிட்டார் மட்டும் ஏறினால் நாம் ஒன்றும் சாதித்தவராகோம். பிரெஸ்லியை ஏற்றிக் கிருடப்பை மறந்த கதையே நம் ஊரிலும் நடக்கும். அதனோடு பறையும் ஏறவேண்டும். வாசிப்பவர் பெயர் அழைப்பிதழில் மற்றவர் பெயரோடு ஒரே எழுத்தளவில் அச்சாக வேண்டும். வெளியூர்ச் சொற்பொழிவாளருக்குச் செய்யும் அதே சிறப்பும், அவர்க்குக் கொடுக்கும் அதே தொகையும் இவர்க்கும் உரியனவாதல் வேண்டும். அவர்கள் பாடுவதை மாணவர்கள் பதிந்து, பாடியவர் பெயரோடும் ஊரோடும் மன்ற நூலகத்திற் சேர்த்து வைக்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. மனம் இருந்தாற் போதும். வரும் விழாக்குழுக் கூட்டத்தில் இத்தீர்மானத்தை முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய முன்வருவோர் யாவர்?