அமைதிப் பள்ளத்தாக்கு: வெடிப்பலாப் பூவும் சிங்கவால் குரங்கும்

காளிமாதாவுக்குச் செம்பருத்தி மாலை சாத்திவிட்டுத் திரும்புவோர் அருகே ஓடும் ஆதிகங்கையைப் பார்த்திருப்பார்கள். ஒரு காலத்தில் கங்கை நதியே இவ்வழியாகத்தான் கடலுக்குச் சென்றது. இன்று அது டாலி நாலா என்ற கறுத்த கால்வாய். டாலிகஞ்சுக்குத் தெற்கே சென்றால், 2009-இல் திறக்கப்பட்ட மெட்ரோ பாதையின் தூண்கள் நீருக்குள்ளேயே நிற்கின்றன. மக்களுக்கு வசதிதான், ஆற்றுக்குத்தான் கதி இல்லை.

இப்படி ஒரு கதி நேரவிருந்து தப்பிய ஆறும் நம் நாட்டில் உண்டு. நீலகிரியின் மேற்கு விளிம்பில் பிறந்து, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இறங்கும் குந்திப்புழைதான் அது. அது பாயும் மலையிடுக்குக் காட்டுக்கு அமைதிப் பள்ளத்தாக்கு, அதாவது சைலண்ட் வேலி என்று பெயர். மற்றக் காடுகளில் காதைத் துளைக்கும் சில்வண்டு ஓசை இங்கே இல்லாததால் இப்பெயர் வந்தது என்பார்கள்.

இதழில்லாப் பூ

இக்காட்டில் ஆயிரம் வகைக்கு மேற்பட்ட பூக்கும் தாவரங்கள் உண்டு. மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட் முதலான செடிகள் ஏராளம். ஆனால் முக்கியமான பூ அழகில் சேர்ந்ததல்ல. வெடிப்பலா மரத்தின் கிளைகளை ஒட்டிக் கொத்துக் கொத்தாக வரும் அப்பூவுக்கு இதழே கிடையாது. பழங்கள் குறைந்த மாதங்களில் குரங்குக்கும் மலையணிலுக்கும் அதுவே ஆகாரம்.

அதை நம்பி வாழ்வது சிங்கவால் குரங்கு. கரிய உடல், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காடுகளில் இது கிடையாது. மரம் விட்டு மரம் தாவி வாழும் இதற்குக் காடு இடையறாமல் இருக்க வேண்டும்.

அணையா, காடா?

1973-இல் இங்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்தைத் திட்டக் கமிஷன் ஏற்றது. மலபார் பகுதிக்கு மின்சாரமும் வேலையும் வேண்டியிருந்தன. அந்தக் கோரிக்கை பொய்யல்ல. ஆனால் ஆற்றங்கரைக் காடு நீரில் மூழ்கிவிடும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், கவிஞர் சுகதகுமாரியும், பறவை நிபுணர் சலீம் அலியும் எதிர்த்தனர். 1979-இல் நேரில் பார்த்த டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன், தமிழகத்தின் குந்தாக் காட்டையும் சேர்த்துப் பாதுகாக்கும்படி யோசனை கூறினார். எம்.ஜி.கே. மேனன் குழு ஆராய்ந்த பின், 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1985 செப்டம்பர் 7 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி தேசியப் பூங்காவைத் திறந்து வைத்தார்.

பார்க்க விரும்புவோருக்கு

ஊருக்குப் போகும் லீவில் பாலக்காடு ஜங்ஷனில் இறங்கி, மன்னார்க்காடு வழியாக முக்காலி செல்ல வேண்டும். அங்கிருந்து வனத்துறை அனுமதியுடன் ஜீப்பில் 23 கிலோமீட்டர் போனால் சைரந்திரி. அணை எழவிருந்த இடம் அங்கேதான். இன்று அதில் தெளிந்த நீர் ஓடுகிறது.

காளிகாட்டிலிருந்து நாலாவைத் தாண்டினால் நியூ அலிப்பூர். 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் சர்வேயின் தலைமை அலுவலகம் அங்கே இருக்கிறது. அதன் விஞ்ஞானிகளும் அப்பள்ளத்தாக்குக்குப் போய், தவளை, பூச்சி, மீன் என்று ஒவ்வொன்றாகக் குறித்து வந்தார்கள். பூச்சியை எண்ணுவதும் ஒரு உத்தியோகமா என்று கேட்கலாம். என்ன இருக்கிறது என்று ஏட்டில் ஏறினால்தானே, எது போய்விடும் என்று வாதாட முடியும்? குமாஸ்தாக்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.