தானே தட்டு மாற்றும் பெட்டி

ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த இசைத்தட்டைத் தானே இறக்கி ஓடவிடும் கருவியான 'ரெக்கார்ட் சேஞ்சர்', மின்சாரம் எட்டிய வீடுகளுக்கே உரியதாக இருந்தது. இன்றைய மலேசியாவின் பேராக் மாநிலத்தில் 1930-இல் செண்டெரோ அணை இயங்கத் தொடங்கியபோது, அதன் மின்சாரம் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களையும் அவற்றைச் சார்ந்த நகரங்களையும் நோக்கியே சென்றது. ரப்பர்த் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கு அது பல பத்தாண்டுகள் கழித்தே வந்ததால், அங்கே பாட்டு என்பது சாவி முடுக்கிய கிராமபோனாகவே இருந்தது. ஆகவே அந்நகரங்களுள் ஒன்றான ஈப்போவின் பழம்பொருள் கடைகளில் தென்படும் சேஞ்சர்களை, லயத்து வாழ்க்கையின் நினைவுச் சின்னங்களாகக் கருதுவதைவிட நகர வீடுகளின் எச்சங்களாகக் கருதுவதே பொருந்தும்.

1927-இல் அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் விற்ற கருவி, ஓடி முடிந்த தட்டை ஓர் இழுப்பறைக்குள் தள்ளிவிடும். பின்னர் பரவலான காரர்ட், பி.எஸ்.ஆர். போன்ற பிரிட்டிஷ் கருவிகளில், எட்டு முதல் பத்துத் தட்டுகள் வரை நடுத்தண்டின் மேற்பகுதியில் அடுக்காகத் தாங்கி நிற்கும். தட்டின் முடிவிலுள்ள அகன்ற வரிப்பள்ளம் முள்ளை விரைந்து உள்ளே இழுக்க, அந்த இழுப்பே விசையைத் தட்டிவிட்டு, முள்ளைத் தாங்கும் கையை விலக்கி, அடுக்கின் அடித்தட்டைக் கீழே விழச் செய்யும். இத்தகைய வரிப்பள்ளம் இல்லாத மிகப் பழைய தட்டைப் போட்டால், முள் கடைசி வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்த ஏற்பாடு தமிழ்ப் பாட்டுக்கு முழுமையாக ஒத்துவரவில்லை. மேலைநாட்டார் நீண்ட இசையை மூன்று தட்டுகளில் வெளியிட்டபோது, முதல் தட்டில் 1, 6 ஆம் பகுதிகளும் அடுத்ததில் 2, 5 ஆம் பகுதிகளும் என அமைத்து, அடுக்கு முழுவதையும் ஒருமுறை திருப்பினாலே தொடர்ச்சி கிடைக்கும்படி செய்தனர். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே கொள்ளும் என்பதால், நீண்ட தமிழ்ப் பாட்டோ ஒரே தட்டின் இரு பக்கங்களிலும் பாதி பாதியாகப் பதிவானது. சேஞ்சரோ மறுபக்கத்துக்குப் போகாமல் வேறொரு பாட்டுக்குத் தாவிவிடும்.

பழைய சேஞ்சருக்கு விலை மதிப்பிடுவோர் பெட்டியின் மெருகில் மயங்குவது வழக்கமான தவறு. பேராக்கின் ஈரக்காற்றில் முதலில் கெடுவது, ரோஷல் உப்புப் படிகத்தாலான பழைய முள்தலை. அதற்கு மாற்றாகப் பீங்கான் வகைத் தலை பொருத்தப்பட்டிருந்தால் அது குறையாகாது. மோட்டாரின் சுழற்சியைத் தட்டுமேடைக்குக் கடத்தும் ரப்பர்ச் சக்கரம் இறுகியிருந்தால் சுருதி அலையும். அமெரிக்கக் கருவிக்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி மட்டும் போதாது: 60 ஹெர்ட்ஸுக்கென அமைந்த அதன் மோட்டார் மலேசியாவின் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றுமாதலால், மோட்டார்க் கப்பியையும் மாற்ற வேண்டும். அரக்குத் தட்டுகளை வைத்திருப்பவர், 78 வேகத்தோடு அதற்குரிய தடித்த முள்ளும் உண்டா என்று பார்க்க வேண்டும். நீள்தட்டுக்கான (எல்.பி.) முள்ளைப் போல் அது ஏறத்தாழ மூன்று மடங்கு பருமன்.

1954-இல் வந்த காரர்ட் 301 கையால் தட்டு மாற்றும் கருவி. ஆயினும் அதே நிறுவனத்தின் சேஞ்சர்களைவிடப் பன்மடங்கு விலைக்குப் போகிறது. சேஞ்சருக்கு மதிப்பு தருவது அது தட்டை மாற்றும் திறனே என்பதால், கழற்றி வைக்கப்பட்டுத் தொலைந்த நடுத்தண்டும் அடுக்கை அழுத்திப் பிடிக்கும் மேற்கையும் விலையைப் பெரிதும் குறைத்துவிடும். கீறல் விழுந்த மூன்று தட்டுகளை அடுக்கி ஓடவிட்டால், ஒவ்வொன்றாக இறங்குகிறதா, இரண்டு சேர்ந்து விழுகின்றனவா, இறுகிய கிரீஸால் கை பாதியிலேயே நிற்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.