நிலைபொருட் காவல்

கணிப்பொறியின் உறுப்புகளுள் பதிந்திருந்து அவற்றை இயக்கும் கட்டளைத் தொகுதி நிலைபொருள் எனப்படும். குறை களைதற்பொருட்டு இதனை அவ்வப்போது புதுப்பித்தல் வேண்டும். ஆயினும், பலர் பயன்படுத்தும் பொதுக் கணிப்பொறியில் இப்பணி நிருவாகியின் இசைவு பெற்றே செய்தற்குரியது.

இதன் காரணம் யாது? பிற மென்பொருள் பழுதுற்றால் அதனை நீக்கி மீண்டும் நிறுவலாம். நிலைபொருள் சிதைந்தாலோ பொறி இயங்கத் தொடங்காமலே போகலாம். தைவானில் 1998ஆம் ஆண்டு தோன்றிய சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல், 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், பல நாட்டுக் கணிப்பொறிகளில் சேமித்திருந்தவற்றை அழித்தது. சிலவற்றின் நிலைபொருளையும் சிதைத்தது. விண்டோசு 95, 98 ஆகியவை வன்பொருளை அணுகும் வழியை நன்கு காவாமையே இதற்கு வாயிலாயிற்று. அவ்வழியை அடைத்திருந்த விண்டோசு என்.டி.யில் அந்நச்சுநிரல் செயலற்றுப் போயிற்று.

நூலகத்திலும் பள்ளியிலும் ஒருவர் அறியாது செய்யும் பிழை, பின்வருவார் அனைவரையும் தாக்கும். புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைப்படினும் பொறி பாழாகலாம். ஆதலின் நிருவாகி, புதிய நிலைபொருள் உரிய நிறுவனத்தினின்று வந்ததுதானா என ஆராய்ந்து, பிறர் பயன்படுத்தாத வேளையில் அதனைப் பதித்தல் வேண்டும்.

ஏரிநீர் ஊரார் அனைவர்க்கும் உரியது. மதகைத் திறக்கும் பொறுப்போ ஒருவரிடமே இருத்தல் நலம். அவ்வரம்பு எவர் உரிமையையும் குறைப்பதன்று. அனைவர் உரிமையையும் காப்பதேயாம்.