கேமரா பார்த்த பிறகும் ஆஃப்சைடில் ஏன் தகராறு?

வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்த் திடல்களில் நடக்கும் கால்பந்தில் ஆஃப்சைடுக்கு லைன்ஸ்மேனின் கண்தான் சாட்சி. பந்து காலை விட்டுக் கிளம்பும் கணத்தையும், தொலைவில் ஓடுபவர் நிற்கும் இடத்தையும் அவர் ஒருசேரப் பார்த்தாக வேண்டும்.

ஆஃப்சைடில் மட்டுமல்ல, எந்தத் தீர்ப்பிலும் வீடியோ இல்லாவிட்டால் இழப்பு பெரிதாகலாம். 2024 ஜூனில் எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்தை இந்தியாவுக்கு எதிராகக் கத்தார் கோலாக்கியது. மறுபார்வை வசதி இல்லாததால் கோல் நின்றது.

வீடியோ இருந்தால்? உதைத்த கணம் இரு படங்களுக்கு நடுவே விழலாம். நொடிக்கு 50 படம் என்றால், நொடிக்கு 8 மீட்டர் ஓடுபவர் இரு படங்களுக்கிடையே 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். 2022 உலகக் கோப்பையில் பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பி, உதைத்த கணத்தைத் துல்லியமாக்கியது.

ஆனாலும் ஆஃப்சைடில் வெறுமனே நிற்பது குற்றமல்ல. கோல்கீப்பரின் பார்வையை மறைத்தாரா, ஆட்டத்தில் தலையிட்டாரா என்பதை எந்தக் கருவியும் அளக்காது. நடுவர்தான் தீர்மானிக்க வேண்டும். நல்ல நடுவர் பயிற்சி ஊர்த் திடல் வரை வந்து சேர வேண்டும்.